ஏவலாளின் கோபம்: மிகுபுனைவில் பணியாளும் சிறுவனும்

இயல்பான உலகின் விதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பூதமும் ஜின்னும் மந்திரவாதியும் பேசும் விலங்கும் நடமாடும் வேறோர் உலகைத் தனக்கே உரிய விதிகளோடு கட்டியெழுப்பும் கதைவகை இன்று மிகுபுனைவு எனப்படுகிறது. அக்கதைவகை நெடுங்காலமாக விட்டுவிடாமல் சொல்லிவரும் உறவுகளுள் ஒன்று, எளிய பணியாள் ஒருவனுக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையிலான நட்பு. பணியாள் பெரும்பாலும் மனிதனைவிட ஆற்றல் மிக்கவனாகவும், ஆனால் யாரோ ஒருவருக்குக் கட்டுப்பட்டவனாகவும் இருப்பான். சிறுவனோ ஆற்றல் ஏதுமற்றவனாக இருந்தும் கட்டளையிடும் இடத்தில் வந்து நிற்பான். மலையைத் தூக்கக்கூடியவன் கைகட்டி நிற்க, செருப்புக்கும் வழியில்லாதவன் ஆணையிடும் இந்த முரண்பாடுதான் இக்கதைகளின் சுவைக்கு அடிப்படை. அதே முரண்பாடு ஒரு கேள்வியையும் எழுப்புகிறது: ஏவப்பட்டதைச் செய்தே ஆகவேண்டியவன் காட்டும் அன்பை நட்பு என்று கொள்ள முடியுமா?

இக்கேள்விக்கு விடை தேட, பணியாள் எவ்வளவு உழைத்தான், எவ்வளவு கொடுத்தான் என்று கணக்கிட்டுப் பயனில்லை. அவன் கோபப்பட்டபோதும் மறுத்தபோதும் கதை என்ன செய்தது, சிறுவன் என்ன செய்தான் என்று பார்ப்பதே சரியான வழி என்பது இவ்வுரையின் கருத்து. அவ்வழியில் செல்வதற்கு இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை மிகப் பொருத்தமான இடம்; ஏனெனில் குப்பிக்குள் அடைபட்ட ஜின்களின் கதை தமிழில் எழுதப்பட்ட ஊரும், தலைவனிடம் கோபித்துக்கொண்ட தொண்டன் கொண்டுவந்த லிங்கத்துக்கு இன்றளவும் முதல் பூசை நடக்கும் கோயிலும் இக்கரையில்தான் இருக்கின்றன.

முதலில் கீழக்கரை. இராமநாதபுரத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில், முத்துக்கும் சங்குக்கும் கடல் வணிகத்துக்கும் பெயர்பெற்ற இவ்வூரில் வாழ்ந்தவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் இமாமுல் அரூஸ் என்றும் மக்கள் போற்றிய செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898). மார்க்க அறிஞரும் கவிஞருமான இவர் எழுதிய நூல்களுள் பல அரபுத்தமிழில் அமைந்தவை. அரபுத்தமிழ் என்பது தமிழ் மொழியை அரபு எழுத்துகளில் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகள் ஆக்கிக்கொள்ளப்பட்டன. சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களில், குறிப்பாகப் பெண்களிடையே, இவ்வெழுத்து பல தலைமுறைகளாகப் புழங்கியது. இம்முறையில் இமாமுல் அரூஸ் 1858இல் எழுதியதாகச் சொல்லப்படும் உரைநடைக் கதைதான் ‘மதீனத்துந் நுஹாஸ்’; தமிழ் எழுத்தில் இது ‘தாமிரப்பட்டணம்’ என்று வழங்கப்பட்டது. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் முந்திய கதை என்பதால், தமிழின் முதல் புதினம் இதுவே என்று வாதிடுவோரும் உண்டு. தழுவிய கதை என்ற காரணத்தால் அவ்வாதத்தை ஏற்கத் தயங்குபவர்கள்கூட, தமிழ் உரைநடையில் மிகுபுனைவின் வரலாற்றை எழுதும்போது கீழக்கரையை விட்டுவிட்டுத் தொடங்க முடியாது. இதுவரை விட்டுவிட்டே தொடங்கியிருப்பது வருந்தத்தக்கது.

அதே பெயர் கொண்ட அரபுக் கதை ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பில் இருக்கிறது. ஜின் என்பது, இஸ்லாமிய நம்பிக்கைப்படி, மண்ணிலிருந்து மனிதன் படைக்கப்பட்டதைப் போலப் புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட, கண்ணுக்குப் புலப்படாத உயிர்வகை. தம் ஆணைக்கு அடங்காத ஜின்களைச் சுலைமான் நபி செப்புக் குப்பிகளில் அடைத்து, ஈயம் உருக்கி ஊற்றி, தம் மோதிரத்தால் முத்திரையிட்டுக் கடலில் எறிந்தார் என்று கதை கூறுகிறது. அக்குப்பிகளைக் கண்ணால் காண விரும்பிய கலீபா அப்துல் மலிக், மேற்கே ஆளுநராக இருந்த மூசா இப்னு நுசைருக்கு ஆணையனுப்ப, அவருடைய கூட்டம் பாலைவனங்களைக் கடந்து செல்கிறது. வழியில், கரிய தூண் ஒன்றில் அக்குள்வரை புதைக்கப்பட்ட இஃப்ரீத் ஒன்றை, அதாவது பேராற்றல் கொண்ட ஜின் ஒன்றை, அவர்கள் காண்கிறார்கள். தன் தோல்வியின் கதையை அது சொல்கிறது. மக்கள் எல்லாரும் இறந்து கிடக்கும் தாமிர நகரத்தையும் கடந்தபின், கடலோரத்தில் மீன்பிடித்து வாழும் எளிய கறுப்பின மக்கள் கூட்டம் ஒன்று அவர்களை வரவேற்று, கடலில் மூழ்கிப் பன்னிரண்டு குப்பிகளை எடுத்துத் தருகிறது. தாமிர நகரத்தின் செல்வத்துக்கு ஆசைப்பட்டவன் அங்கேயே தலையை இழக்கிறான். தேடிவந்த பொருளோ மூச்சடக்கி மூழ்கத் தெரிந்தவர்களின் கையிலிருந்துதான் கிடைக்கிறது. சங்குகுளியும் முத்துக்குளியும் அன்றாடத் தொழிலாக இருந்த கீழக்கரையில் இப்பகுதி எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கதையின் உச்சம் அதற்குப் பின்னர் வருகிறது. திமிஷ்குவில் (டமாஸ்கசில்) கலீபாவின் முன்னிலையில் குப்பிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன. வெளிப்பட்ட ஒவ்வொரு ஜின்னும், சுலைமான் நபி இறந்து நூற்றாண்டுகள் பல கழிந்ததை அறியாமல், அவர் இன்னும் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணி, இனி ஒருபோதும் மீறமாட்டேன் என்று மன்னிப்பு வேண்டிக் கதறுகிறது. விடுதலை கிடைத்த கணத்திலும் அச்சம் விடவில்லை. மறைநூலின் செய்தியைக் கதையோடு ஒன்றாக வைக்கலாகாது என்றாலும், குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் சுலைமான் நபியின் இறப்பைச் சொல்லும் இடத்தை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது: கைத்தடியில் சாய்ந்தபடி அவர் இறந்துவிட, அவர் உயிரோடு இருப்பதாக எண்ணிய ஜின்கள் கடும் உழைப்பைத் தொடர்ந்தன, அத்தடியைப் பூச்சி அரித்து அவர் உடல் விழுந்த பிறகே உண்மை அவற்றுக்குத் தெரிந்தது. ஏவலின் முழுமையான வடிவம் இது. தலைவன் இல்லாத இடத்திலும் தலைவனுக்காக உழைக்கும் நிலையில் பணியாளுக்குச் சொந்தமாக ஒரு சொல்கூட எஞ்சுவதில்லை; சொந்தச் சொல் எஞ்சாதவரிடம் நட்பு பிறக்க வழியுமில்லை.

சிறுவன் இக்கதை மரபில் நுழைவது அலாவுதீனோடுதான். இக்கதைக்குப் பழைய அரபுக் கையெழுத்துப்படி எதுவும் இல்லை. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் பாரிசில் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் கலான் அதைப் பிரெஞ்சில் எழுதித் தம் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுதியில் சேர்த்தார். தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தொழில் கற்காமல் தெருவில் விளையாடித் திரிந்த சிறுவன் அலாவுதீன். அவனுக்குக் கிடைக்கும் பணியாளர் ஒருவரல்லர், இருவர்: மோதிரத்தின் ஜின், விளக்கின் ஜின். திரைப்படங்கள் பழக்கிவிட்ட மூன்று வரம் என்ற எல்லை மூலக்கதையில் இல்லை; விளக்கை எத்தனை முறை தேய்த்தாலும் ஜின் வரும். நட்பும் அங்கே இல்லை. விளக்கு எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கே தான் அடிமை என்று ஜின் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது, அதன்படியே நடக்கவும் செய்கிறது. மந்திரவாதி சூழ்ச்சியால் விளக்கைக் கவர்ந்ததும், அலாவுதீனுக்காகத் தான் கட்டிய மாளிகையை இளவரசியோடு சேர்த்துப் பெயர்த்து ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் வைக்க அந்த ஜின் ஒரு கணமும் தயங்கவில்லை. அதுவரை பழகியவன் என்பதற்காக ஒரு சொல் தடுத்துப் பேசவில்லை.

அந்த ஜின் தன் சொந்தக் குரலில் பேசும் இடம் கதை முழுவதிலும் ஒன்றே ஒன்று. இறந்த மந்திரவாதியின் தம்பி, தவப்பெண் வேடத்தில் மாளிகைக்குள் புகுந்து, கூடத்தின் குவிமாட நடுவே ருக் பறவையின் முட்டை தொங்கினால் உலகில் இதற்கு ஈடாக எதுவும் இராது என்று இளவரசியின் மனத்தில் ஆசையை ஊட்டுகிறான். ருக் என்பது யானையைத் தூக்கிச் செல்லும் என்று அரபுக் கடலோடிக் கதைகள் கூறும் பெரும்பறவை. அலாவுதீன் வழக்கம்போல விளக்கைத் தேய்த்து அம்முட்டையைக் கேட்கிறான். மாளிகை அதிரும்படி ஜின் அலறுகிறது. இத்தனையும் செய்தது போதாதென்று தன் தலைவனையே கொண்டுவந்து தொங்கவிடச் சொல்கிறாயா, இந்தக் கேள்விக்காக உன்னையும் உன் மனைவியையும் மாளிகையையும் சாம்பலாக்கியிருக்க வேண்டும் என்ற பொருளில் அது கொதிக்கிறது. இது உன் எண்ணத்தில் தோன்றியதன்று என்பதால் பிழைத்தாய் என்று சொல்லி, வேடதாரியையும் காட்டிக்கொடுத்துவிட்டு மறைகிறது. பொன் தட்டுகளும் குதிரைகளும் மாளிகையும் வாங்கிக்கொண்ட ஆண்டுகளில் இந்தப் பணியாளுக்கும் போற்றத்தக்க ஒன்று இருக்கும் என்று அலாவுதீன் ஒருமுறையும் எண்ணிப் பார்க்கவில்லை. கோபத்தைக் கண்ட பிறகாவது கேட்டானா என்றால், இல்லை. வேடதாரியைக் கொல்ல விரைகிறான், கதையும் அவனோடு விரைந்து முடிகிறது. ஜின்னின் கோபம் ஒரு துப்பாக மட்டுமே பயன்படுகிறது. டிஸ்னி நிறுவனம் 1992இல் எடுத்த படம் இந்தக் குறையை உணர்ந்தே, மூன்றாவது வரத்தால் ஜின்னை விடுதலை செய்யும் அலாவுதீனைப் படைத்தது. அங்கே நட்பு உண்டு. ஆனால் பழைய கதையின் அலறல் இல்லை, ஜின் அடிக்கடி நகைச்சுவை பேசித் தன் வருத்தத்தை எளிதில் விழுங்கக்கூடியதாக்கித் தந்துவிடுகிறது.

கீழக்கரை நூலின் குப்பிகளுக்குத் தமிழ்த் திரையில் ஓர் உறவு உண்டு. ஆங்கில எழுத்தாளர் எஃப். ஆன்ஸ்டி 1900இல் வெளியிட்ட ‘தி பிராஸ் பாட்டில்’ என்ற புதினம், சுலைமான் அடைத்த ஜின் ஒன்று பித்தளைக் குப்பியிலிருந்து வெளிப்பட்டு இலண்டன் இளைஞன் ஒருவனுக்கு நன்றிக்கடன் செலுத்தப் படாதபாடு படுத்துவதைச் சொல்கிறது. வேண்டாம் என்றாலும் கேளாமல் ஒட்டகக் கூட்டம் நிறையப் பரிசுகளைக் கொண்டுவந்து குவிக்கும் அந்த ஜின், ஏவலாளின் தலைகீழ் வடிவம்: இங்கே மறுப்பது தலைவன், மறுப்பைக் கேளாதது பணியாள். 1964இல் ஆங்கிலப் படமான இக்கருவின் வழியில்தான், எம். வி. இராமன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘பட்டணத்தில் பூதம்’ 1967இல் வந்தது. அதில் ஜாவர் சீதாராமன் ஏற்ற ஜீபூம்பா என்ற பூதத்தின் பெயர், படத்தைப் பார்க்காத குழந்தைகளின் வாயிலும் மந்திரச் சொல்லாகப் புகுந்துவிட்டது. சிரிப்புக்கு இடம் கொடுத்த அளவுக்குப் பூதத்தின் மனத்துக்கு அப்படம் இடம் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

பணியாளின் கோபத்தை ஒதுக்காமல், அதற்குரிய இடத்தை நிலையாகக் கொடுத்த கதை இராமேசுவரத்தில் இருக்கிறது. அங்குள்ள தலைவன் சிறுவன் அல்லன். அது புனைகதையும் அன்று, பக்தர்களின் தலவரலாறு. எனினும் ஏவலுக்கும் அன்புக்கும் உள்ள உறவை இவ்வளவு நுட்பமாக அணுகிய கதை வேறில்லை என்பதால் அதை இங்கே விரிவாகக் காண்பது தகும். போரில் இராவணனைக் கொன்ற பழி நீங்கச் சிவலிங்கம் நிறுவி வழிபட வேண்டும் என்று முடிவானதும், கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமன் அனுப்பப்படுகிறான். குறித்த நல்ல வேளை நெருங்கியும் அவன் திரும்பவில்லை. சீதை கடற்கரை மணலைப் பிடித்து லிங்கமாக்க, இராமன் அதையே நிறுவி வழிபட்டுவிடுகிறான். லிங்கத்தோடு வந்து சேர்ந்த அனுமன், தான் பட்ட பாடு வீணானதைக் கண்டு சினந்து, மணல் லிங்கத்தை வாலால் சுற்றிப் பெயர்க்க முயல்கிறான். அது அசையவில்லை, அவன்தான் குருதி சிந்த விழுகிறான். இச்செய்தி வால்மீகி இராமாயணத்திலோ கம்பராமாயணத்திலோ இல்லை; காந்த புராணத்தின் சேது மான்மியப் பகுதியிலும், அதை ஒட்டி நிரம்பவழகிய தேசிகர் தமிழில் பாடிய சேதுபுராணத்திலும் வருவது. அதாவது, தொண்டின் இலக்கணமாகவே நாடெங்கும் வணங்கப்படும் அனுமனுக்குக் கோபிக்கும் உரிமையைக் கொடுத்தது இந்தக் கடற்கரையின் மரபு.

அதன்பின் இராமன் செய்வதே கதையின் உயிர். அனுமன் பிழை செய்தான் என்று அவனைத் தள்ளிவிடவும் இல்லை, நீ நல்லவன் என்று தட்டிக்கொடுத்து முடித்துவிடவும் இல்லை. அவன் கொண்டுவந்த லிங்கத்தை வடபுறம் நிறுவச் செய்து, அதற்கு முதலில் பூசை நடந்த பிறகே தான் வைத்த இராமலிங்கத்துக்குப் பூசை நடக்க வேண்டும் என்று விதிக்கிறான். விசுவநாதர் என்ற பெயரில் அச்சந்நிதி இன்றும் இருக்கிறது. முதல் பூசை இன்றும் அங்கேதான். பணியாளின் வருத்தம் ஓர் ஆறுதல் சொல்லோடு கரைந்துபோகாமல், தலைவனையும் அவன் பின்வந்தோரையும் நாள்தோறும் கட்டுப்படுத்தும் முறையாக மாறியது. ருக் முட்டைக்காக அலறிய ஜின்னுக்கு அலாவுதீன் எதையும் செய்யவில்லை என்பதோடு இதை ஒப்பிட்டால் இரு கதைகளுக்கும் உள்ள தொலைவு விளங்கும். இங்கே, கங்கையில் இராமனுக்கு ஓடம் விட்ட குகனைக் காட்டி, எளியவனைத் தம்பியாக ஏற்ற இராமனின் பெருமை அங்கேயே வெளிப்பட்டுவிட்டதே என்று கேட்கலாம். குகன் பணிவு மிக்கவன். ஆனால் பணியாளன் அல்லன், ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவன். ஒரு தலைவன் இன்னொரு தலைவனை உடன்பிறப்பாக ஏற்பது உயர்ந்த செயலே, எனினும் ஏவியவன் ஏவப்பட்டவனின் கோபத்துக்குத் தலைவணங்குவது அதனினும் அரியது.

அண்மைக் கால மிகுபுனைவில், சிறுவனுக்கும் பணியாளுக்கும் இடையிலான நட்பை மிகுந்த கவனத்தோடு எழுதிக் காட்டியவர் ஜே. கே. ரௌலிங். ஹாரி பாட்டர் வரிசையின் இரண்டாம் புதினத்தில் (1998) வரும் டாபி ஒரு வீட்டுக் குறளி. செல்வக் குடும்பம் ஒன்றுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு, பழைய தலையணை உறையை உடுத்தி, ஊதியமின்றி உழைக்கும் சிற்றுயிர். தலைவர்கள் ஆடை ஒன்றைக் கொடுத்தால் மட்டுமே அதற்கு விடுதலை. தன் குடும்பத்தார் தீட்டும் சதியிலிருந்து ஹாரியைக் காப்பதற்காக ஒளிந்து வரும் டாபியை, அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயல்பான மரியாதையோடு உட்காரச் சொல்கிறான். டாபி அழத் தொடங்கிவிடுகிறது. மந்திரவாதி ஒருவர் தன்னைச் சமமாக நடத்தி உட்காரச் சொன்னது இதுவே முதல் முறை என்கிறது. அடுத்த நொடியில், தலைவர்களைப் பற்றிக் குறை சொல்லிவிட்டோம் என்று தன் தலையைத் தானே மோதிக்கொள்கிறது. தண்டிக்க யாரும் அருகில் இல்லாதபோதும் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் அந்த நிலை, குப்பி திறந்ததும் இறந்துபோன தலைவனிடம் மன்னிப்பு வேண்டிய ஜின்களின் நிலையே. இரண்டுக்கும் நடுவே ஒரு வேறுபாடு உண்டு: ஜின்களை உட்காரச் சொல்ல அங்கே ஒரு சிறுவன் இல்லை.

ஹாரி தந்திரமாகத் தன் காலுறை ஒன்றின் வழியே டாபிக்கு விடுதலை வாங்கித் தருவது பலருக்கும் நினைவிருக்கும் காட்சி. அதைவிடச் சிந்தனைக்குரியது விடுதலைக்குப் பின் நடப்பது. நான்காம் புதினத்தில் டாபி, ஹாரி படிக்கும் பள்ளியின் சமையலறையில் கூலிக்கு வேலை பார்க்கிறது. வாரத்துக்குப் பத்துப் பொற்காசும் வார இறுதி விடுப்பும் தர முன்வந்த தலைமையாசிரியரிடம் பேரம் பேசி, வாரத்துக்கு ஒரு காசும் மாதத்துக்கு ஒரு நாள் விடுப்பும் போதும் என்று குறைத்துக்கொள்கிறது. முழு விடுதலையைத் தாங்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் கூலி என்பது தன் உரிமை என்ற எண்ணம் வேர்விட்டுவிட்டது. விடுதலை பெற்றும் குடியில் வீழ்ந்து பழைய வீட்டையே நினைத்து அழும் விங்கி என்ற மற்றொரு குறளியை அருகிலேயே நிறுத்தி, விடுதலை எல்லாருக்கும் ஒரே சுவையாக இராது என்றும் ஆசிரியர் காட்டுகிறார். டாபி தன் கூலியில் கம்பளி நூல் வாங்கி, இரண்டும் இரண்டு விதமாக இருக்கும் காலுறைகளைப் பின்னி ஹாரிக்குப் பரிசளிக்கிறது. ஏவி வாங்கிய மாளிகை நட்பின் அடையாளமாகாது. ஏவாமல் வந்த அந்தக் காலுறை ஆகும். ஏழாம் புதினத்தில் (2007) ஹாரியையும் நண்பர்களையும் சிறையிலிருந்து மீட்டுக் கடற்கரை வீடு ஒன்றுக்குக் கொண்டுசேர்க்கும் டாபி, எறியப்பட்ட கத்தியால் உயிர்விடுகிறது. மந்திரத்தால் நொடியில் செய்திருக்கக்கூடிய வேலையை ஹாரி மண்வெட்டி எடுத்துத் தன் கையால் செய்கிறான். வியர்வை வழியக் குழி வெட்டுகிறான். அதுவரை பிறருக்காக உடலுழைப்புச் செய்தவனுக்காகத் தலைவனாக இருக்கக்கூடியவன் உடலுழைப்புச் செய்யும் இவ்விடத்தை எழுதிய கை பெரிய கை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு; அது மனத்தை உறுத்துவது என்பதாலேயே தவிர்க்கக் கூடாதது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய புதின வரிசையில் வரும் ஹோடோர், பேருடலும் குழந்தை மனமும் கொண்ட குதிரைலாயப் பணியாள். வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வரும். அதையே பெயராக்கி எல்லாரும் அழைக்கிறார்கள். கோபுரத்திலிருந்து தள்ளிவிடப்பட்டுக் கால்கள் செயலிழந்த பிரான் என்ற சிறுவனைக் கூடையில் வைத்து முதுகில் சுமப்பவன் இவன்தான். வாசகர்கள் இந்த இணையை விரும்புவதற்குக் காரணம் வெளிப்படை: நடக்க இயலாதவனுக்கு நடக்கத் தெரிந்தவன் கால், பேச இயலாதவனுக்குப் பேசத் தெரிந்தவன் வாய். ஆனால் பிரானுக்கு உயிரினங்களின் உடலுக்குள் தன் மனத்தைச் செலுத்தும் ஆற்றல் உண்டு. மூன்றாம் புதினத்தில் (2000), இடிக்கு அஞ்சிக் கத்தும் ஹோடோரை அடக்கத் தன்னை அறியாமல் அவன் உடலுக்குள் புகுகிறான். ஐந்தாம் புதினத்திலோ (2011) அறிந்தே, நடக்கும் இன்பத்துக்காக, மீண்டும் மீண்டும் புகுகிறான். உள்ளே ஹோடோர் யாரும் தொட முடியாத மூலையில் சுருண்டு ஒளிந்துகொள்கிறான் என்று ஆசிரியர் எழுதுகிறார். இரு தரப்பிலும் அன்பு இருக்கிறது, ஐயமில்லை. எனினும் வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல்கூட வாய்க்காதவனின் உடலை, அவன் என் நண்பன், நான் தீங்கு செய்யமாட்டேன் என்ற சமாதானத்தோடு எடுத்துக்கொள்வது அலாவுதீனின் விளக்கைவிடக் கொடிய உடைமை. மார்ட்டின் இதைக் கண்டிக்கும் சொல் எதையும் எழுதவில்லை. பிரானின் இளமனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் காரணங்களை அப்படியே வைத்துவிடுகிறார். நல்ல பிள்ளைகளும் இவ்வாறுதான் எசமானர் ஆகிறார்கள் என்பதை அந்தப் பக்கங்களில் காணலாம்.

நம் பக்கத்து நிலத்திலிருந்தும் ஒரு கதையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜிஜோ புன்னூஸ் இயக்கத்தில் 1984இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ மலையாளத்தில் எடுக்கப்பட்டாலும் தமிழ்க் குழந்தைகளும் கண்டு மகிழ்ந்த படம். மந்திரவாதி ஒருவனின் ஏவலுக்குக் கட்டுண்ட குட்டிச்சாத்தான், மூன்று குழந்தைகளின் உதவியால் அவனிடமிருந்து விலகி, அவர்களோடு இன்னொரு குழந்தையாகத் திரிகிறது. பணியாளும் சிறுவனே ஆகிவிட்ட இக்கதையில், புதையலுக்காக அதை ஏவுபவன் பெரியவன். விளையாட்டுக்காக அதைத் தேடுபவர்கள் சிறியவர்கள். விளையாட்டில் ஒருவன் ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு போகலாம் என்பதால், குழந்தைகளின் உலகில் மறுப்புக்கு இயல்பாகவே இடமிருக்கிறது. மிகுபுனைவு இந்த நட்புக்குப் பெரியவர்களை விட்டுச் சிறுவர்களைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம் எனலாம்.

இராமநாதபுரம் கரையில் இத்தகைய நட்பைச் சொல்வதற்கான கதைப்பொருள் குவிந்து கிடக்கிறது. சம்மாட்டி எனப்படும் படகு உரிமையாளரின் வீட்டில் வளரும் பிள்ளையும், அப்படகில் கூலிக்குக் கடலேறும் ஆளும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். பிள்ளைக்குக் காற்றும் நீரோட்டமும் வலையும் சொல்லித் தருபவர் பெரும்பாலும் அந்தக் கூலியாளே. முத்துக்குளியில், கல்லைக் காலில் மாட்டிக் கடலின் அடிக்கு இறங்குபவரின் உயிர், படகில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில் இருந்தது. கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால், கூடை நிறைந்ததா இல்லையா என்று பாராமல் உடனே மேலே தூக்கியாக வேண்டும். போதும் என்று மூழ்கியவர் சொன்னதை, படகில் இருப்பவர் எவராயினும் மறுபேச்சின்றிக் கேட்டே ஆகவேண்டிய தொழில் அது. இந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டு, மூழ்குபவனை ஜின்னாகவும் கயிறு பிடிப்பவனைச் சிறுவனாகவும் வைத்து ஒரு கதை எழுதப்பட்டால், அதற்குத் தாமிர நகரத்துக்கோ இலண்டனுக்கோ போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைத் தீவுகள் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக நிற்கின்றன. இடம் தேடும் கதைக்கு அவை போதும். இமாமுல் அரூஸின் நூலைப் பிள்ளைகள் வாசிக்கும் எளிய தமிழில், படங்களோடு, நல்ல குறிப்புகளோடு பதிப்பிப்பது அதற்கான முதல் வேலை. கீழக்கரையிலும் இராமநாதபுரத்திலும் உள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறையும் அரபுத் துறையும் சேர்ந்தால் அது இயலாத செயலன்று.